ஒரு ஸ்க்ரூவுக்கு மூன்று நாளா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள், கராஜ் தொழில் செய்பவர்கள், மெக்கானிக் வேலை பழகும் பிள்ளைகளின் பெற்றோர் முழுதாக வாசித்தால் சந்தோஷம். இதில் நாங்கள் விட்ட ஒரு பெரிய பிழையும் இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதினால்தான் சொல்ல வந்த விஷயம் விளங்கும்.

வாப்பா விட்டுச் சென்ற மொரிஸ் மைனர், வெள்ளவத்தையில் பழைய ஆட்கள் பலருக்கு நினைவிருக்கும். 1098 சீசீ இஞ்சின், ஸ்ரீ தகடு. எங்களைப் பாடசாலைக்குக் கொண்டுபோனது, அயல் வீட்டுக் கல்யாணங்களுக்கு மாப்பிள்ளை ஏற்றிப்போனது, நடுச்சாமத்தில் யாருக்கும் சுகமில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடியது எல்லாம் அந்தக் கார்தான். வாப்பா மௌத்தான பிறகு நாலு வருஷம் முற்றத்தில் படங்குக்குக் கீழே கிடந்தது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் மெரைன் டிரைவும் ரயில் பாதையும் மட்டும்தான். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று வெள்ளவத்தையில் ஜன்னல் கம்பி வைத்திருக்கிற எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

கடந்த டிசம்பர் விடுமுறையில் தம்பியோடு சேர்ந்து அதை மறுபடி ஓடவைக்க முடிவெடுத்தோம். உம்மாவுக்கு இப்போது முழங்கால் ஏலாது. "ஒரு தரம் அந்தக் காரில ஏறி காலிமுகத்திடல் வரைக்கும் போய் வரணும்" என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் அதுதான் ஆசை.

தம்பி இளவட்டம். பழைய பொயின்ட் முறையை எடுத்துவிட்டு இலெக்ட்ரோனிக் இக்னிஷன் போடலாம் என்றார். ஒரு கிட் வாங்கியும் வந்துவிட்டார். வீடியோவில் பார்த்தபோது அரை மணித்தியால வேலை. அந்த வீடியோவில் எல்லாப் பாகங்களும் வெண்ணெயில் கத்தி போவதுபோல் கழன்று வந்தன. எங்கள் காரில் ஒன்றும் கழரவில்லை.

கார் விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்னப் பாடம். ஆசிரியர் தொழில், பழக்கம் விடாது.

பெட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கில் பொறி பாய ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அதை உண்டாக்குவது கொயில். கொயிலுக்குள் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால் அதன் காந்தப்புலம் சரிந்து உயர் அழுத்தம் பிறக்கும். அந்தத் துண்டிக்கும் வேலையைச் செய்வதுதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ட். பொயின்டின் வாயில் பொறி பறந்து கருகாமல் காப்பது கண்டென்சர். பிறந்த அழுத்தத்தை நாலு பிளக்குகளுக்கும் முறைப்படி பங்கிடுவது மேலே சுழலும் ரோட்டர். அமெரிக்காவில் சார்ள்ஸ் கெட்டரிங் 1910 அளவில் கெடிலக் கார்களுக்காகக் கொண்டுவந்த முறை இது. அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகமே இதில்தான் ஓடியது.

இஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால், நாலு சிலிண்டர் காரில் அந்தப் பொயின்ட் செக்கனுக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். அதனால் அது தேயும், கருகும், இடைவெளி மாறும். மைனரில் அந்த இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். வாப்பா ஒரு விசிட்டிங் கார்டை வைத்தே அதைச் சரிபண்ணிவிடுவார். இலெக்ட்ரோனிக் கிட்டில் இந்தத் தேய்மானம் இல்லை. சுழலும் தண்டில் ஒரு காந்த வளையம், பொயின்ட் இருந்த இடத்தில் ஒரு சிறிய சென்சர், இரண்டு வயர். அவ்வளவுதான்.

ஆனால் புதியதைப் போட முன் பழையதைக் கழற்ற வேண்டுமே. அங்கேதான் நாங்கள் விழுந்தோம்.

முதலில் ரோட்டர் வரவில்லை. தம்பி ஒரு பக்கத்தால் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினார். ரோட்டர் இரண்டாகப் போனது. பிறகு பேஸ் பிளேட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ. கையில் இருந்த சின்ன டிரைவரைப் போட்டுத் திருகினோம். ஸ்க்ரூ அசையவில்லை, அதன் தலை வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. சரி, முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் வெளியே எடுத்துவிடலாம் என்று கிளாம்பைத் தளர்த்தினோம். அது இஞ்சினோடு ஒட்டிப்பிறந்ததுபோல் இருந்தது. பலகைத் துண்டு ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டினோம். முதல் தட்டு மெல்லத்தான். மூன்றாவது தட்டு கோபத்தில். கெப்பைப் பிடிக்கும் கிளிப் மாட்டுகிற அலுமினியக் காது உடைந்து முற்றத்தில் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு உம்மா வாசலுக்கு வந்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி உள்ளே போனார். அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

அறுபதுகளில் செய்த லூக்காஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் அது. காது உடைந்தால் கெப் நிற்காது. கெப் நிற்காவிட்டால் கார் ஓடாது. அரை மணித்தியால வேலைக்கு இறங்கியவர்கள், அறுபது வருஷம் பிழைத்திருந்த ஒரு பொருளை அரை மணித்தியாலத்தில் உடைத்தோம்.

வாப்பாவின் காலத்தில் இந்தக் காரைப் பார்த்த பாஸ் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். எழுபது தாண்டியவர். ஒரு ஒழுங்கைக்குள் தகரக் கொட்டில்தான் அவருடைய கராஜ். பெயர்ப் பலகைகூட இல்லை. காரை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு அவரிடம் போனோம். பொனட்டைத் திறந்து பார்த்தார். உடைந்த காதைக் கையில் வைத்துப் புரட்டினார். "யார் அடிச்சது?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவருக்கு விளங்கிவிட்டது.

அன்று அவர் செய்தது இவ்வளவுதான். பிரஷ் ஒன்றால் கிளாம்பைச் சுற்றியிருந்த அழுக்கையும் வெள்ளைப் பொடியையும் சுத்தமாகத் துடைத்தார். துரு இளக்கும் எண்ணெயை விளிம்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு பித்தளைத் துண்டால், கதவைத் தட்டுவதுபோல் சுற்றிவரத் தட்டினார். "இண்டைக்கு வேலை முடிஞ்சது சேர். நாளைக்கு வாங்க."

அடுத்த நாளும் அதேதான். கூடவே பொலித்தீன் பையில் ஐஸ் கட்டி போட்டு டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் வைத்தார். "சூடாக்கினால் இளகாதா பாஸ்?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதிலை வகுப்பறையில் எத்தனை வருஷம் படிப்பித்தும் இப்படி யோசித்ததில்லை. "உள்ள இருக்கிறது அலுமினியம் சேர், வெளிய பிடிச்சிருக்கிறது இரும்பு. சூடு குடுத்தா உள்ள இருக்கிறது கூட வீங்கும். இன்னும் இறுகும்."

சரியான கணக்கு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போன இரண்டு கிளாஸ்களை நம் வீட்டுப் பெண்கள் எப்படிக் கழற்றுகிறார்கள்? உள்ளே இருப்பதற்குள் குளிர்ந்த தண்ணீர், வெளியே இருப்பதற்குச் சுடுதண்ணீர். அதே அறிவுதான். அந்த வெள்ளைப் பொடியும் அப்படித்தான். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்போடு தொட்டிருக்கும் அலுமினியம் அரிக்கப்படும். அரிபட்ட பொடி இடத்தை நிரப்பி ஆப்பு வைத்ததுபோல் இறுக்கும். அதைச் சுத்தியல் எடுக்காது. எண்ணெய் உள்ளே இறங்க வேண்டும். இறங்க நேரம் வேண்டும்.

மூன்றாம் நாள் தோல் பட்டி ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டரில் சுற்றி இரண்டு கையாலும் மெல்லத் திருப்பினார். மேலே இழுக்கவில்லை, திருப்பினார். ஒரு மயிரிழை அசைந்தது. உடனே எதிர்ப்பக்கம் திருப்பினார். "முன்னுக்குப் போனதைப் பின்னுக்கும் விடணும். இல்லாட்டி பொடி சேர்ந்து திரும்பப் பூட்டிரும்." முக்கால் மணித்தியாலம் இப்படியே முன்னும் பின்னும். பிறகு போத்தல் மூடியைப்போல் சுழன்று கையோடு மேலே வந்தது.

அடுத்தது நாங்கள் தலையைத் தேய்த்துவிட்ட ஸ்க்ரூ. இந்தத் தடவை அவர் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தார். இங்கே உருக்கு ஸ்க்ரூ உள்ளே, அலுமினியம் வெளியே. ஆகவே இங்கே சூடுதான் மருந்து. கழற்றி எடுத்த பொடியைச் சுடுதண்ணீரில் வைத்து எடுத்தார். ஹெக்ஸோ பிளேட்டால் ஸ்க்ரூ தலையில் புதிதாக ஒரு வெட்டுப் போட்டார். வெட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவரை எடுத்து, முதலில் இறுக்கும் பக்கம் சற்றே திருகி, பிறகு கழற்றும் பக்கம் திருப்பினார். "டிக்" என்று ஒரு சத்தம். வந்துவிட்டது.

ஒரே டிஸ்ட்ரிபியூட்டர், ஒரே துரு. ஒரு இடத்தில் ஐஸ், இன்னொரு இடத்தில் சுடுதண்ணீர். மாற்றிச் செய்திருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

முக்கியமான விஷயம் அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. பேஸ் பிளேட்டுக்குக் கீழே இரண்டு சிறிய எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். வேகம் கூடும்போது அவை விரிந்து பொறியை முன்கூட்டியே விழச்செய்யும். எங்கள் காரில் எண்ணெய் காணாமல் மேல் தண்டு கீழ்த் தண்டோடு பிடித்துப்போயிருந்தது. எடைகள் அசையவே இல்லை. நாங்கள் நினைத்தபடி மேலோட்டமாக அந்தக் கிட்டைப் போட்டிருந்தால் கார் ஸ்டார்ட் ஆகியிருக்கும். ஆனால் ஏற்றத்தில் இழுக்காது, சூடேறும், பெற்றோல் குடிக்கும். குற்றத்தைப் புதிய கிட்டின் மேல் போட்டிருப்போம். கழரமாட்டேன் என்று அடம்பிடித்த பாகம்தான் நோய் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் வாயை அடைக்கப் பார்த்தோம்.

கூலி சொன்னார். மூன்று நாள் கூலி. தம்பி சட்டென்று கேட்டுவிட்டார்: "என்ன பாஸ், ஒரு ஸ்க்ரூவுக்கு மூன்று நாளா?"

பாஸ் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடிச்சிருந்தா பத்து நிமிசம் தம்பி. கூலியும் கொஞ்சம்தான். உடைஞ்சதுக்கு யார் காசு குடுக்கிறது?"

உறவுகளே, இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். தம்பி கேட்டதை நாம் எல்லோரும் ஒவ்வொரு நாளும் ஏதாவதொரு கராஜில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

பாகங்களின் பில் எவ்வளவு வந்தாலும் வாய் திறக்காமல் கட்டுகிறோம். பெட்டி இருக்கிறது, பொருள் கையில் தெரிகிறது. கூலி என்று வந்தால் மட்டும் பேரம். அதிலும் காத்திருந்த நேரத்துக்குக் கூலி என்றால் ஏமாற்று என்று நினைக்கிறோம். எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுவதும் வேலைதான் என்று நமக்குத் தோன்றுவதில்லை. அவர் சும்மா இருந்ததாகவே நினைக்கிறோம். இதன் விளைவு என்ன? பொறுமையாகக் கழற்றுகிற பாஸுக்கு நஷ்டம், அடித்து உடைத்துப் புதியது போடச் சொல்பவருக்கு லாபம். நம் அவசரத்தாலேயே நல்ல தொழிலாளியை நாம் மோசமான தொழிலாளியாக மாற்றுகிறோம். வியர்வை உலரு முன் கூலி கொடுக்கச் சொல்லித்தந்த மார்க்கம் நம்முடையது. வியர்க்காமல் காத்திருந்த கைக்கும் அந்தக் கூலியில் பங்கு உண்டு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

"பழைய கார்தானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்பவர்கள் நம் நாட்டுக் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மைனர் 1948இல் வந்தது. உலகம் முழுக்கச் சுமார் 16 இலட்சம் விற்றது. எழுபதுகளின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றது. இலங்கையில் அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை புதிய கார் என்பது கனவு. இருந்ததைக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டித்தான் நம் வாப்பாமார் ஓட்டினார்கள். அந்தக் கைவேலை எவ்வளவு தூரம் போனதென்றால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், காலிப் பக்கத்தில் இலங்கையரோடு கூட்டாக ஒரு பட்டறை தொடங்கினார். அங்கே செய்த மைனர் தகடுகள் கார் பிறந்த நாட்டுக்கே கப்பலேறின. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இந்த நாட்டை ஓட்டியது யார்? பஞ்சிகாவத்தைக் கடைகளும் ஒழுங்கைக்குள் இருந்த பாஸ்மாரும்தான். கழற்றத் தெரிந்த கை இந்த நாட்டின் சேமிப்பு. அதை நாம் பேரம் பேசிக் கரைக்கிறோம்.

எங்கள் பாஸுக்கு இரண்டு மகன்மார். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். கராஜில் பழக ஒரு பையன்கூட இல்லை. ஏன் என்று கேட்டோம். "மூணு நாள் வேலைக்கு மூணு நாள் சம்பளம் குடுக்க ஆள் இல்லாட்டி, பையனுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது சேர்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

மறுபக்கமும் சொல்லத்தான் வேண்டும். காத்திருக்கும் பெயரில் வாகனத்தைச் சும்மா போட்டுவைத்து நாள் கணக்குக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கேளுங்கள், தப்பில்லை. இன்று என்ன செய்தீர்கள், நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள், எது உடையக்கூடும் என்று கேளுங்கள். நல்ல பாஸ் காட்டித் தருவார். வேலை தொடங்கும்போதே "உடையாமல் கழற்றித் தந்தால் இவ்வளவு" என்று பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் மன நிம்மதி.

"எதற்கு இந்தப் பாடு? முழு டிஸ்ட்ரிபியூட்டரும் புதிதாக இலெக்ட்ரோனிக்கோடு வருகிறதே, அதைப் போடலாம்" என்றும் சிலர் சொல்வார்கள். போடலாம். ஆனால் அதைப் போடவும் பழையதைக் கழற்றத்தான் வேண்டும். அடித்துக் கழற்றினால் இஞ்சின் பக்கமும் சேதமாகும். அதோடு, பழைய பொடியில் ஒரு இலக்கம் அடித்திருப்பார்கள். அந்த எடையும் ஸ்பிரிங்கும் எந்த இஞ்சினுக்கு என்று சொல்லும் இலக்கம் அது. புதிதாக வருபவை பெரும்பாலும் எல்லா இஞ்சினுக்கும் பொதுவாகச் செய்தவை. நாங்கள் பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்து பழைய பொடி ஒன்று தேடி எடுத்தோம். எங்கள் எடையையும் ஸ்பிரிங்கையும் பாஸ் அதற்குள் மாற்றித் தந்தார்.

இலெக்ட்ரோனிக் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்களும் போட்டிருக்கிறோம். போட நினைப்பவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

முதலாவது, கழற்றுமுன் ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சோக்கால் குறியிடுங்கள். மைனரில் கிளாம்பின் நெட்டைத் தொடாமல், கிளாம்ப் தகட்டை இஞ்சினோடு பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவை மட்டும் கழற்றினால் டைமிங் மாறாது. அடியில் இருக்கும் நாக்கு மையத்திலிருந்து சற்று விலகியிருப்பதால் திரும்பவும் ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும்.

இரண்டாவது, ரோட்டரை நேரே மேலே இழுங்கள். ஒரு பக்கத்தால் நெம்பாதீர்கள். பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் வெகியூம் யூனிட்டைக் கைப்பிடியாக நினைத்துத் திருப்பாதீர்கள், அது வளைந்துவிடும். அதைக் கழற்றும்போது ஒரு சின்ன ஸ்பிரிங் பறக்கும். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள்.

மூன்றாவது, புதியதைப் போடுமுன் ரோட்டரை அது சுழலும் பக்கம் விரலால் திருப்பிவிட்டுப் பாருங்கள். மைனரில் மேலிருந்து பார்த்தால் அது இடப்பக்கச் சுற்று. தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கிட்டைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். முதலில் உள்ளே பிடித்திருப்பதை விடுவியுங்கள்.

நான்காவது, பெட்டரி முனை. பழைய மைனர்களில் பிளஸ் முனைதான் பொடியோடு இணைந்து வந்தது. பிற்காலத்தில் பலர் மாற்றியிருக்கிறார்கள். உங்கள் கார் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வயரைக் கொடுத்தால் புதிய கிட் அந்த நொடியே எரிந்துபோகும். இஞ்சின் ஓடாமல் சாவியை ஓனில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

ஐந்தாவது, கழற்றிய பொயின்ட், கண்டென்சர் எல்லாவற்றையும் ஒரு டின்னில் போட்டு டிக்கியில் வையுங்கள். பொயின்ட் பிழைத்தால் வழியில் நின்று தேய்த்து ஓட்டலாம். இலெக்ட்ரோனிக் பிழைத்தால் வழியில் செய்ய ஒன்றுமில்லை. பழையதை உடைக்காமல் கழற்றியவனுக்கு மட்டுமே திரும்பிப்போக வழி இருக்கும்.

கடைசியாக, ஆசிரியர் என்ற முறையில் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறார்கள், நல்ல விஷயம். வெப்பத்தால் பொருள் விரியும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். எங்கே ஐஸ் வைப்பது, எங்கே சுடுதண்ணீர் ஊற்றுவது என்று அவர்களுக்குக் காட்டித்தர ஒழுங்கைக்குள் இன்னும் சில பாஸ்மார் இருக்கிறார்கள். விடுமுறையில் இரண்டு வாரம் அவர்களோடு உட்கார விடுங்கள். பாஸ்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பரீட்சை எழுதாமலேயே, கையில் இருக்கும் அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ சான்றிதழ் தரும் முறை நம் நாட்டில் இருக்கிறது. நைட்டா நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் எங்களிடம் வாருங்கள்.

கூலியில் ஒரு சதமும் குறைக்காமல் கொடுத்தோம். தம்பிதான் கொடுத்தார். கொடுக்கும்போது "மன்னிச்சுக்கோங்க பாஸ்" என்றார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கொட்டாஞ்சேனைக்குப் போய் அந்தக் கொட்டிலில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். கையில் எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வருவதைப் பார்த்து உம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு உம்மாவை முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு காலிமுகத்திடல் வரை போய் வந்தோம். பம்பலப்பிட்டியில் சிக்னலில் நின்றபோதும் இஞ்சின் திக்கவில்லை. உடைந்த அந்த அலுமினியக் காது இப்போதும் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் தட்டில் கிடக்கிறது. எறியவில்லை. அவசரம் வரும்போது பார்த்துக்கொள்ள வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் கழராத ஸ்க்ரூ ஒன்று இருந்தால் இன்றைக்கு எண்ணெய் மட்டும் விடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம்.